இரண்டு வாய்க்காலுக்கு நடுவே ஒரு வீடு

மெல்லிங்கம், நார்ஃபோக்
9 பிப்ரவரி 1966

அன்புள்ள தங்கை ஹெஸ்டருக்கு,

நீயும் மாப்பிள்ளை பெர்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பனிக்கு அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு விரல்களில் வந்த குளிர்வெடிப்பு ஆறிவிட்டது; பேனா பிடிக்க முடிகிறது. நீ அனுப்பிய புகைபோட்ட ஹெர்ரிங் மீன் கெடாமல் வந்தது. நாளைக்கு ஒன்று என்று ஆறு நாள் சாப்பிட்டேன்.

இங்கே ஒரு கலவரம். கலவரம் என்பது பெரிய சொல்லாக இருக்கலாம். மாவட்ட எல்லைகளைச் சீர்படுத்தப் போவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வேவ்னி ஆறு எங்கே ஓடுகிறதோ அதுவே இனி நார்ஃபோக்குக்கும் சஃபோக்குக்கும் எல்லையாம். ஆற்றுக்கு வடக்கே நாம், தெற்கே அவர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரைச் சேர்ந்த ஈல்ஹோமின் ஒன்பது வீடுகள் தெற்கே இருப்பது உனக்குத் தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு மில்காரர் ஆற்றை நேராக வெட்டிவிட்டார். ஆறு வடக்கே நகர்ந்தது. எல்லை மட்டும் பழைய ஆற்றுத் தடத்திலேயே, இப்போது வாய்க்காலாகக் கிடக்கும் இடத்திலேயே, நின்றுவிட்டது. இந்தத் திட்டம் நிறைவேறினால் ஒன்பது வீடும் சஃபோக்குக்குப் போகும்.

ஊர் மன்றம் கூடியது. தலைவர் ஹவ்ஸ் மேஜையைத் தட்டிய வேகத்தில் என் குறிப்பேட்டில் மை கொட்டியது.

"செத்தாலும் விடமாட்டேன்!" என்றார்.

"நீங்க எதுக்குச் சாகணும், ஹவ்ஸ்? நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் சௌக்கியமா இருக்கீங்க. போகப்போறது நான்" என்றார் திருமதி ஐவி உட்ரோ. ஈல்ஹோமின் கடைசி வீடு அவருடையது. கணவர் இறந்து ஒன்பது வருஷம். மன்றத்தில் உறுப்பினராகிப் பதினொரு வருஷம். "என் புருஷன் நார்ஃபோக், நான் நார்ஃபோக், என் பூனை நார்ஃபோக். எலி பிடிக்காத சோம்பேறித்தனத்துல மட்டும் அது கொஞ்சம் சஃபோக்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறிப்பேட்டில் "உறுப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று மட்டும் எழுதினேன்.

திட்டத்தை எதிர்ப்பது என்று முடிவாயிற்று. செப்டம்பரில் பொது விசாரணை. அதற்கு வாக்குமூலமும் எல்லைப் படமும் தயாரித்து எழுத்தர் நேரில் வாசிக்க வேண்டுமாம். எழுத்தர் என்றால் நான்தான். எழுந்து நின்று பேச நேரும் என்று யாராவது சொல்லியிருந்தால் முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இந்த வேலையை ஏற்றிருக்கவே மாட்டேன். திருமதி உட்ரோவுக்கு என் மேல் நம்பிக்கை இருப்பது இன்னும் கவலையாக இருக்கிறது.

உன் அண்ணன்,
அம்புரோஸ்


லோஸ்டாஃப்ட், சஃபோக்
20 பிப்ரவரி 1966

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். பெர்சியின் முழங்கால் வானிலை அறிக்கையைவிடச் சரியாக மழை சொல்கிறது. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "சஃபோக்குக்கு வர அந்த மாவுருண்டைங்களுக்கு அவ்வளவு கசக்குதா?" என்று கேட்டார். கல்யாணமாகி நாற்பது வருஷமாகியும் நம் ஊர்க்காரர்களை மாவுருண்டை என்று சொல்வதை அவர் விடவில்லை. நானும் நாற்பது வருஷமாகச் சஃபோக்கில் இருக்கிறேன், அண்ணா. இன்னும் வால் முளைக்கவில்லை.

இரண்டு கேள்விகள். அந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? ஹவ்ஸ் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய். இரண்டாவது, திருமதி உட்ரோ எப்படிப்பட்டவர்? நான் அனுப்பிய ஆறு மீனைப் பற்றி ஒரு வரி எழுதினாய். அவருடைய பூனை என்ன மாவட்டம் என்பதுவரை எழுதியிருக்கிறாய்.

கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். இடது கை முடிந்தது.

ஹெஸ்டர்


மெல்லிங்கம், நார்ஃபோக்
3 ஏப்ரல் 1966

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

கையுறை இரண்டும் வந்தன, சரியாக இருக்கின்றன. நன்றி. உடம்புக்குக் குறையில்லை. உன் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

ஒன்பது வீட்டுக்கும் நேரில் போனேன். அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, இன்றும் அடிபம்புதான். நம் பக்கத்துக் குழாயை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவருவது முடியாத காரியம். சஃபோக் குழாயோ இருநூறு கெஜம் தள்ளி வந்து நிற்கிறது. இதை யாரும் மன்றத்தில் சொல்லவில்லை. எட்டாவது வீட்டுப் பெக் கிழவர் மட்டும் என்னை வாசலில் நிறுத்தி, "தண்ணி சஃபோக்கிலேருந்து வந்தா என்ன, நரகத்திலேருந்து வந்தா என்ன? கொதிச்சா டீதானே! நான் சொன்னேன்னு எழுதிடாதய்யா" என்றார். எழுதவில்லை.

இரண்டாவது கேள்வி. திருமதி உட்ரோ ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் மன்றக் குறிப்புகளைக் கையொப்பத்துக்காக அவரிடம் கொண்டுபோகிறேன். போகிற இடத்தில் இரண்டு வாளி தண்ணீர் அடித்து வைப்பது ஒரு சிரமமில்லை. மணிக்கட்டு இப்போது தேவலை. இருந்தாலும் அடிபம்பின் கைப்பிடி கனம்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா, மிஸ்டர் லார்ட்டர்?" என்று போன வாரம் கேட்டார்.

"இருக்கிறது" என்றேன்.

"அப்போ இது?"

"இதுவும் இருக்கிறது."

அவர் சிரித்தார். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருந்தது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

சட்டத்தையும் பார்த்தேன். ஊர் எல்லையிலிருந்து மூன்று மைலுக்குள் குடியிருப்பவர் மன்றத்தில் உறுப்பினராக இருக்கலாம். திருமதி உட்ரோவின் வீடு ஆற்றிலிருந்து அறுநூறு கெஜம். ஈல்ஹோம் சஃபோக்குக்குப் போனாலும் அவருடைய பதவிக்கு ஆபத்தில்லை. ஆகவே கவலைப்பட ஒன்றும் இல்லை. இருந்தாலும் தூக்கம் சரியில்லை.

பெர்சியை விசாரித்ததாகச் சொல்.

அம்புரோஸ்


லோஸ்டாஃப்ட், சஃபோக்
14 ஏப்ரல் 1966

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாயிரு.

குறிப்புகளில் மன்றத் தலைவர்தானே கையொப்பம் இடுவார்? உறுப்பினர்களிடம் எதற்கு வாங்குகிறாய்? இந்த ஒரு கேள்விதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஹெஸ்டர்


மெல்லிங்கம், நார்ஃபோக்
8 ஜூன் 1966

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. நெல்லிச் செடிகள் நன்றாகக் காய்த்திருக்கின்றன. கம்பளிப்பூச்சி குறைவு.

வருஷா வருஷம் ஊர் எல்லையைச் சுற்றி வரும் எல்லை நடை போன மாதம் முடிந்தது. வழக்கம்போல் பாதிரியார் முன்னே போக, எல்லை மறந்துபோகாதிருக்க வில்லோ மரக் குச்சிகளால் வாய்க்கால் கரையை அடித்துக்கொண்டே நடந்தோம். திருமதி உட்ரோ வழக்கம்போல் தம் வேலியோரம் மேஜை போட்டு எல்லோருக்கும் பிளம் கேக் கொடுத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எல்லைப் படம் இன்னும் முடியவில்லை.

அம்புரோஸ்


லோஸ்டாஃப்ட், சஃபோக்
15 ஜூன் 1966

அன்புள்ள அண்ணனுக்கு,

பெர்சிக்கு முழங்கால் தேவலை. எனக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து தேவலையாக இல்லை.

பள்ளியில் நீ ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, வாத்தியார் அதற்குச் சரி போட்டுவிட்டார் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். மூன்றாம் நாள் நீயே போய்ச் சொன்னாய். பிளம் கேக் இறங்கவில்லை என்றால் எதையோ தப்பாகப் போட்டிருக்கிறாய். என்னவென்று எழுது. நெல்லிக்காயைப் பற்றி எழுதாதே.

ஹெஸ்டர்


மெல்லிங்கம், நார்ஃபோக்
19 ஜூலை 1966

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஏப்ரல் கடைசியில், வாக்குமூலத்துக்காக, தேவாலயப் பெட்டியில் இருக்கும் 1841ஆம் வருஷத்து நிலப்படத்தை எடுத்தேன். ஈல்ஹோமின் கோடியில் இரண்டு வாய்க்கால்கள் இருப்பது நினைவிருக்கும். ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது திருமதி உட்ரோவின் வீடு மட்டும். பழைய ஆறு தெற்கு வாய்க்கால்தான் என்பது இத்தனை வருஷமாக எங்கள் முடிவு. எங்கள் என்று எழுதிவிட்டேன். என் முடிவு.

நிலப்படத்தில் தெற்கு வாய்க்காலே இல்லை.

அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய் மூன்று முறை அளந்தேன். பிறகு மண்வெட்டியால் இரண்டு இடத்திலும் தோண்டினேன். வடக்கே கறுப்புச் சேறும் ஆற்றுச் சிப்பிகளும் வந்தன. தெற்கே வெறும் களிமண். யாரோ ஒரு விவசாயி தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால் அது. ஆக, திருமதி உட்ரோவின் வீடு என்றைக்குமே நார்ஃபோக்கில் இருந்ததில்லை.

எப்படித் தவறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1935இல், நான் புதிய எழுத்தர். என் முதல் எல்லை நடை. நல்ல மழை. "இதுவா அதுவா, சீக்கிரம் சொல்லய்யா!" என்று அப்போதைய தலைவர் கத்தினார். தெற்கு வாய்க்காலில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. நாரை நிற்கிற இடம்தான் ஆறாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். கையை நீட்டினேன். அன்றிலிருந்து முப்பத்திரண்டு நடை அந்தக் கரையைத்தான் குச்சியால் அடித்திருக்கிறோம். இந்த வருஷம் தெரிந்தே அடித்தேன். வாக்காளர் பட்டியலுக்கு வீடுகளை வரிசைப்படுத்தி அனுப்புவதும் நான்தான். அதிலும் அந்த வீட்டைச் சேர்த்தவன் நான்.

இது வேறு யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. சொன்னால், எல்லை எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஓர் ஊர், எல்லையை மாற்றாதே என்று எப்படிக் கேட்கும்? மன்றத்தின் வாதம் சரிந்துவிடும். திருமதி உட்ரோ நார்ஃபோக் என்று எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார் தெரியுமா? அதைப் பறிக்கிறவன் நானாகவா இருக்க வேண்டும்? வியாழக்கிழமை அதற்குப் பிறகு எப்படிப் போவேன்?

என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்புரோஸ்


லோஸ்டாஃப்ட், சஃபோக்
22 ஜூலை 1966

அண்ணா,

விசாரணையில் நீ சொல்லத்தான் போகிறாய். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகையால் அதைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதே.

அதற்கு முன்னால் அவரிடம் சொல். வீடு அவருடையது. இந்த வியாழக்கிழமையே சொல். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்.

நாரை விஷயத்தைப் பெர்சியிடம் சொன்னேன். மன்னித்துவிடு. அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஹெஸ்டர்


மெல்லிங்கம், நார்ஃபோக்
2 அக்டோபர் 1966

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? எனக்கு லேசான ஜலதோஷம்.

நீ சொன்னபடி செய்யவில்லை. எட்டு வியாழக்கிழமை சொல்லப் போனேன். எட்டு முறையும் தண்ணீர் அடித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு முறை வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். "மேகமாக இருக்கிறது" என்றேன்.

விசாரணை 22ஆம் தேதி, பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. விசாரணை அதிகாரி லண்டனிலிருந்து வந்திருந்தார். சஃபோக் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். மன்றத்தின் வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். அது என் கடமை. பிறகு தாளை மடித்துவிட்டு, "ஐயா, இணைத்திருக்கும் படத்தில் ஒரு பிழை உண்டு. அது என் பிழை" என்று தொடங்கினேன். நிலப்படம், சங்கிலி, சிப்பி, நாரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"யோவ் லார்ட்டர், உட்காருய்யா!" என்று ஹவ்ஸ் கத்தினார்.

"அவர் பேசட்டும்" என்றார் அதிகாரி. "மிஸ்டர் லார்ட்டர், அப்படியென்றால் ஈல்ஹோம் நார்ஃபோக்கில் இருக்க வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?"

"இருக்க வேண்டும் என்று மன்றம் சொல்கிறது, ஐயா. நான் வாய்க்காலைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். அங்கே குழாய்த் தண்ணீர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது வாக்குமூலத்தில் இல்லை."

திருமதி உட்ரோ எழுந்தார். சாம்பல் நிறத் தொப்பி போட்டிருந்தார்.

"அப்போ முப்பது வருஷத்துக்கு மேலா நான் சஃபோக்கா? எனக்கே தெரியாமலா?"

பின்வரிசையிலிருந்து ஒரு சஃபோக்காரர், "வாங்கம்மா வாங்க! அதான் மூஞ்சியில ஒரு களை தெரியுதேன்னு பார்த்தேன்!" என்றார். மண்டபமே சிரித்தது. அதிகாரிகூடக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார்.

திருமதி உட்ரோ மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஹவ்ஸ் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மறந்துவிட்டார். பெக் கிழவர் ஒரு கூடை முள்ளங்கி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் ராஜினாமாவை மன்றம் ஏற்கவில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாமாம்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. அவருக்கு இப்போது யார் தண்ணீர் அடித்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அம்புரோஸ்


லோஸ்டாஃப்ட், சஃபோக்
4 அக்டோபர் 1966

அன்புள்ள அண்ணா,

ஜலதோஷத்துக்கு வெந்நீரில் கால் வை.

நீ எழுந்து நின்று பேசியதை நினைத்து அழுதுவிட்டேன். பெர்சியிடம் வெங்காயம் என்றேன்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை. விளக்கம் எதுவும் எழுதிக்கொண்டு போகாதே. போ, தண்ணீர் அடி. கதவைத் திறந்தால் உள்ளே போ.

ஹெஸ்டர்


மெல்லிங்கம், நார்ஃபோக்
9 அக்டோபர் 1966

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. வெந்நீர் உதவியது.

போனேன். விளக்கம் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் பையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு வாளி அடித்து முடித்தபோது அவர் சமையலறைக் கதவைத் திறந்தார்.

"சஃபோக்னு சொன்னதுக்குக் கோவம்னு நினைக்கிறீங்களா?" என்றார்.

"ஆமாம்."

"நல்லாப் படிச்ச மனுஷன், இது புரியலையே! நான் எந்த மாவட்டத்துல இருந்தா என்ன, பூனைக்குத் தெரியவா போகுது? லண்டன்லேருந்து ஒரு ஆளு வர்றான். அவன் பேர்கூட எனக்கு ஞாபகமில்ல. அவன்கிட்ட முதல்ல சொல்றீங்க. வாராவாரம் இந்த வாசல்ல வந்து நிக்கறீங்க, என்கிட்ட 'மேகமா இருக்கு'ங்கறீங்க."

"பயமாக இருந்தது" என்றேன்.

"எதுக்கு?"

"வியாழக்கிழமை இல்லாமல் போய்விடுமோ என்று."

இதை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, "காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க. டீ ஆறிடும்" என்றார். மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. கதவைத் திறப்பதற்கு முன்பே ஊற்றி வைத்திருக்கிறார்.

பெர்சிக்கு என் அன்பு. உனக்கும்.

அம்புரோஸ்


மெல்லிங்கம், நார்ஃபோக்
10 ஏப்ரல் 1967

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீயும் பெர்சியும் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். இந்த மாதம் மிகவும் அவசியமாக. காரணம் கீழே.

எல்லை ஆணை இந்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆறுதான் எல்லை. ஒன்பது வீடும் சஃபோக். குழாய் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஈல்ஹோம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. பெக் கிழவர் முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, "சஃபோக் தண்ணி கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு" என்றார். ஆனால் இன்னொரு கோப்பை கேட்டார். திருமதி உட்ரோ மன்றத்தில் தொடர்கிறார். மூன்று மைல் விதி போதும்.

அன்று நானும் வழக்கம்போல் வாளிகளோடு போய்விட்டேன். வாசலில் நின்ற பிறகுதான், இனி வாளிக்கு வேலையில்லை என்பது உறைத்தது. 

"உள்ள வாங்க" என்றார் ஐவி. குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பினார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "ஒரு சட்டம் கேக்கணும். மன்ற எழுத்தர் அந்த ஊர்லதான் குடியிருக்கணும்னு விதி உண்டா? ஆத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்தா வேலை போயிடுமா?"

"இல்லை" என்றேன். "அப்படி விதி எதுவும் இல்லை."

"புஸ்தகத்தைப் பார்க்காம சொல்லமாட்டீங்களே. எப்பப் பார்த்தீங்க?"

"பிப்ரவரியில்."

"ரெண்டு மாசமாவா தெரியும்?"

"போன வருஷம் பிப்ரவரியில்" என்றேன். "எல்லை பற்றி மேலிடத்திலிருந்து முதல் கடிதம் வந்த அன்றைக்கே."

கெட்டில் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. குழாயை மூட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை, 29ஆம் தேதி, காலை பதினொரு மணி, நம் ஊர்த் தேவாலயத்தில். நேரத்தோடு வந்துவிடுங்கள்.

உன் அண்ணன்,
அம்புரோஸ்